பூட்டிய வீட்டிலிருந்து ஒரு குரல்

"பூட்டின வீட்டுக்குள்ள இருந்து எங்க மாமா பேசறார்" என்றாள் அந்தப் பெண்.

தந்தி நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான். "உக்காருங்கம்மா. வழக்கமா எங்ககிட்ட வர்றவங்க ஆள் இருக்கார், பேச மாட்டேங்கறார்னுதான் வருவாங்க. பெரும்பாலும் புருஷனைப் பத்தி."

அவள் சிரிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றான்.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பட்டத்தை ஊர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. தையல் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையைப் பிடித்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். தந்தி அவளுடைய ஒரே ஆள். நாற்பத்திரண்டு வயது. முன்பு கூரியர் கம்பெனியில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவன் காதில் விழும் சேதி மூன்று நிமிடத்தில் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பதால் வந்த பெயர்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. நக இடுக்குகளில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அம்மா அவளுடைய சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். அம்மாவின் அண்ணன்தான் அவளை வளர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். இப்போது எழுபத்தெட்டு வயது. இங்கிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில், மூன்று அறை உள்ள வீட்டில் தனியாக இருக்கிறார்.

"தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு வேலை முடிச்சு வெளிய வருவேன். பஸ் ஸ்டாப்ல நின்னு அவர் வீட்டு போனுக்குக் கூப்பிடுவேன். செல்போன் அவர் வெச்சுக்க மாட்டார். கழுத்துல மணி கட்டிக்கிட்டுத் திரிய நான் என்ன மாடான்னு கேப்பார்."

தந்தி வாயைத் திறந்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

"நேத்து காலையில அவர் எதிர்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. 'உங்க மாமா வீடு பூட்டி பதினெட்டு நாளாச்சு, உங்ககிட்டதான் இருக்காரா?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. முந்தின நாள் சாயங்காலம்கூட அவரோட பேசினேன். நேத்து அந்த அம்மாவை அவர் வீட்டு ஜன்னல்கிட்ட நிக்கச் சொன்னேன். இன்னொரு போன்ல அவங்க லைன்ல இருக்க, நான் மாமா வீட்டு நம்பருக்குப் போட்டேன். உள்ள மணியே அடிக்கலன்னு அவங்க சொல்றாங்க. இங்க என் காதுல மாமா 'சொல்லும்மா'ங்கறார்." அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். வீட்லதான், வேற எங்க போவேன்னார்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். 'தினமும் பேசறவர் எப்படிம்மா காணாமப் போனவராவார்?'னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"நியாயமான கேள்வி" என்றான் தந்தி. "மாமா குரல்தானா அது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பழைய பேச்சை யாராவது டேப்ல பிடிச்சு வெச்சிருக்கலாம்."

"அவர் குரல்தான்."

"தினமும் என்ன பேசுவீங்க?" இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பேன். சாப்பிட்டேன், போட்டேன், நல்லா இருக்கேன்பார். நீ எப்படி இருக்கே, வீட்ல எல்லாரும் எப்படின்னு கேப்பார். எல்லாரும் நல்லா இருக்கோம் மாமாம்பேன். பஸ் வந்துரும். வெச்சுருவேன்."

"இந்தப் பத்தொன்பது நாள்ல, புதுசா ஏதாவது கேட்டு அதுக்கு அவர் பதில் சொல்லியிருக்காரா? டேப்பா இருந்தா புதுக் கேள்விக்கு மாட்டிக்கும்."

அவள் யோசித்தாள். கீழே தையல் மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"நேத்து எங்க இருக்கீங்கன்னு கேட்டதுதான். அதுக்கு முன்னாடி..." அவள் நகத்தில் இருந்த பிளாஸ்டரைச் சுரண்டினாள். "அதுக்கு முன்னாடி நான் புதுசா எதுவும் கேட்டதில்ல."

இன்ஸ்பெக்டரம்மா அவள் நகத்தைப் பார்த்தாள்.

"லைன் எப்படி இருக்கு? தெளிவா கேக்குதா?"

"எதிரொலி வருது. முன்னெல்லாம் வராது. எங்க பஸ் ஸ்டாப் பக்கத்துல ஆலை இருக்கு. ஆறேகாலுக்குச் சங்கு ஊதும். அது எனக்கு ரெண்டு தடவை கேக்குது. நேரா ஒரு தடவை, போன்ல ஒரு தடவை."

"உங்க பேச்சு?"

"என் பேச்சா?"

"நீங்க பேசறது உங்களுக்கே திரும்பிக் கேக்குதா?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "இல்ல. அது கேக்கல."

இன்ஸ்பெக்டரம்மா ஒரு அட்டையை நீட்டினாள். "உங்க பேர், வீட்டு விலாசம், நம்பர் எல்லாம் எழுதுங்க. சாயங்காலம் நாங்களும் உங்களோட பஸ் ஸ்டாப்புக்கு வர்றோம். எப்பவும்போலப் பேசுங்க. வேற எதுவும் கேக்க வேண்டாம்."

*

பல்செட் கூடம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அதன் வாசலிலேயே பஸ் ஸ்டாப். தகரக் கூரை, ஒரு பெஞ்ச், பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம், இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நூறு அடி தள்ளிச் சாலை இடப்பக்கமாக வளைந்து கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது.

ஆறு பத்துக்கு அவள் இறங்கி வந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். நாலாவது மணிக்கு எடுத்தார்.

"சொல்லும்மா."

வயதான குரல். அவசரமில்லாத குரல்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"சாப்பிட்டேன்."

"மாத்திரை?"

"போட்டாச்சு. நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? வீட்ல?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் மாமா."

சங்கு ஊதியது. காகங்கள் தகரக் கூரையிலிருந்து எழுந்தன. ஒரு கணம் கழித்துப் போனுக்குள்ளிருந்தும் அதே சங்கு, மெலிந்த குரலில், ஊதி ஓய்ந்தது.

"சரிம்மா" என்றார் பெரியவர். "பஸ் வந்துருச்சு. பாத்து ஏறு."

போன் அணைந்தது. அவள் சாலையைப் பார்த்தாள். தந்தி பார்த்தான். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் பார்த்தார்கள். சாலையில் ஒரு சைக்கிள் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா மனசுக்குள் எண்ணினாள். பதினெட்டு எண்ணும்போது, வளைவுக்குப் பின்னாலிருந்து பஸ் மூக்கை நீட்டியது.

அந்தப் பெண் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அவருக்கு எப்படி..."

"இப்ப எதுவும் கேக்காதீங்க. தினமும் ஏறுற மாதிரி ஏறுங்க. நான் கூப்பிடறேன். போனைக் கையிலயே வெச்சுக்குங்க."

அவள் ஏறினாள். பஸ் நகர்ந்தது. அதன் பின்பலகையில் 'துறைமுகம்' என்று எழுதியிருந்தது.

தந்தி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அட்டையில மேட்டுக் குடியிருப்புன்னுதானே எழுதினாங்க? ஏழு வருஷம் அங்க பார்சல் கொடுத்திருக்கேன். அதுக்கு எதிர்ப்பக்கம்ல நிக்கணும்?"

"பாத்தேன். அது அப்புறம். முதல்ல சங்கு. எதிரொலின்னா அவ பேசறதும் சேர்ந்து திரும்பி வரணும். சங்கு மட்டும் ஏன் வருது?"

"சங்குக்குத் தொண்டை பெருசு."

"அந்தப் பக்கத்து போன்லயும் சங்கு நேரா விழுது. அவர் ஒன்றரை மணி நேரத் தொலைவுல இல்ல. இந்தச் சங்கு கேக்கற தூரத்துல இருக்கார்."

"வீட்டு நம்பருக்குத்தானே போட்டாங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல முப்பத்தொரு வருஷம். வீட்டு போனுக்கு வர்ற அழைப்பை வேற நம்பருக்குத் திருப்பி விடறது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடற மாதிரி."

தந்தி தலையைச் சொறிந்தான். "இந்தச் சங்கு ரெண்டு மைல் கேக்கும். வீடு வீடா கதவைத் தட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கும் எழுபத்தெட்டு ஆயிடும்."

"தட்ட வேண்டாம். ஸ்டாப்ல நிக்கற நமக்குத் தெரியாத பஸ் அவருக்குத் தெரியுது. எங்க இருந்தா தெரியும்?"

தந்தி வளைவை அண்ணாந்து பார்த்தான். மெதுவாக அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மாடி. வளைவுல இருக்கற மாடி. அந்தப் பக்கமும் தெரியணும், இந்தப் பக்கமும் தெரியணும்."

வளைவில் மாடி உள்ள கட்டடம் மூன்றுதான். ஒன்று போட்டோ ஸ்டூடியோ. மேல் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். இன்னொன்று டிரைவிங் ஸ்கூல். ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்று வாசல் பலகை சொன்னது. மூன்றாவது, வெளுத்த பச்சை நிறத்தில் ஒரு லாட்ஜ்.

*

லாட்ஜ் மேனேஜர் ரேடியோவைக் குறைக்காமலே நிமிர்ந்தார். "ரூம் இல்ல."

"நாங்க ரூம் கேக்கலையே" என்றான் தந்தி.

"ரெண்டு பேர் சேர்ந்து வந்தா ரூம்தான் கேப்பாங்க."

"அண்ணே, இவங்க யாருன்னு தெரியாம பேசறீங்க. இவங்க பாத்தாலே பாதிப் பேர் செய்யாத குத்தத்தையும் ஒத்துக்குவாங்க."

மேனேஜர் இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். ரேடியோவைக் குறைத்தார்.

"வயசானவர். தனியா இருக்கார். வந்து பத்தொன்பது நாளாச்சு" என்றாள் அவள்.

"பதினொண்ணாம் நம்பர்." மேனேஜர் உடனே சொன்னார். "தங்கமான மனுஷன். காத்தோட்டமான ரூம் கொடுத்தேன், வேண்டாம்னார். ரோட்டுப் பக்கம் ஜன்னல் வேணும், மூலையில இருக்கணும், கட்டில் இல்லைன்னாலும் பரவாயில்லைன்னார். பகல்லாம் தூங்குவார். சாயங்காலம் அஞ்சரைக்குச் சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டு, ஜன்னல்கிட்ட உக்காந்துருவார். யாராவது பாக்க வர்றாங்களான்னு கேட்டேன். ஆமா, ஆறு பத்துக்குன்னார். இதுவரைக்கும் ஒருத்தரும் மாடி ஏறல."

*

கதவைத் தட்டியதும் "திறந்துதான் இருக்கு" என்றது அந்தக் குரல்.

மெலிந்த, உயரமான மனிதர். ஜன்னலோரம் நாற்காலி. ஜன்னல் விளிம்பில் கண்ணாடிக் கூடும், பொத்தான் வைத்த சின்னச் செல்போனும். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டைக்குக் கீழே, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, ஆறிக்கொண்டிருக்கும் பெரிய காயம் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

இன்ஸ்பெக்டரம்மா தன்னை யாரென்று சொன்னாள். அவர் எழுந்துவிட்டார். நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா? இப்பத்தான் பஸ் ஏறினா."

"ஒண்ணும் ஆகல. அவங்கதான் எங்களை அனுப்பினாங்க. உங்களைக் காணோம்னு."

"என்னையா?" அவர் மெதுவாக உட்கார்ந்தார். "தினமும் பேசறேனே."

"போலீஸும் இதையேதான் கேட்டாங்களாம்" என்றான் தந்தி. அவர் லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அவர் சொல்ல ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லிப் பழகாத விஷயம் என்பதால் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நாலு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார்.

"ஆறு பத்துக்குக் கூடத்துல போன் அடிச்சுது. இருபத்திரண்டு மணி. எண்ணினேன், வேற என்ன வேலை? கையை ஊனி எழப் பாத்தா வழுக்குது. கத்தினா யாருக்குக் கேக்கும்? நின்னுடுச்சு. அப்புறம் இன்னொரு தடவை அடிக்கும்னு காத்துக்கிட்டே கெடந்தேன்."

"அடிச்சுதா?"

"இல்ல. நடக்கப் போயிருப்பேன்னு நெனச்சிருப்பா. அவ மேல தப்பில்ல. நானே அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கேன்." அவர் காயத்தைத் தடவினார். "எப்படியோ தவழ்ந்து வெளிய வந்தேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா பயந்துட்டேன். கொஞ்ச நாள் அவகூட இருக்கலாம்னு தோணுச்சு. மறுநாள் காலையில இந்த போனை வாங்கினேன். வீட்டு நம்பரை இதுக்குத் திருப்பி விட்டேன். நான் ரயில்ல இருக்கும்போது அவ கூப்பிட்டு, எடுக்கலைன்னா, முந்தின நாளும் எடுக்கல, இன்னைக்கும் எடுக்கலைன்னு பதறிப்போயிடுவா இல்லையா?"

ஆறு மணிக்கு அவர் இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தார். எதிரே பழச்சாறுக் கடைத் தூணருகே பெட்டியோடு நின்றார். அவள் இறங்கி வருவது தெரிந்தது. சாலையைக் கடந்து முன்னால் போய் நிற்கலாம் என்று காலெடுத்து வைத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"எடுத்தேன். நேத்து எங்க போனீங்கன்னா. குளிச்சுக்கிட்டு இருந்தேன்னேன். சும்மா கேக்கற மாதிரி, ரெண்டு நாள் அங்க வரட்டுமான்னு கேட்டேன். அப்பதான் சொன்னா. 'இப்ப வேண்டாம் மாமா, வீட்ல பெயின்ட் அடிக்கறாங்க, நாங்களே ஹால்ல ஒண்டிக்கிட்டு இருக்கோம், அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்'னு."

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இது புதிது. அந்தப் பெண் இதைச் சொல்லவில்லை.

"அதனால மனசு விட்டுப்போய் இங்க தங்கிட்டீங்க."

"இல்லம்மா." பெரியவர் தலையசைத்தார். "வேண்டாம்னு சொன்னா திரும்பிப் போயிருப்பேன். அதுக்கென்ன? அவளுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா அவ சொல்லும்போது நான் அவளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். குரல் சிரிச்சுது. முகம் சிரிக்கல. வெச்சதும் துப்பட்டாவால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் பஸ் ஏறினா."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டினார்.

"நான் அவ வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்கேன். அந்தப் பஸ் அவ வீட்டுக்குப் போகாது."

தந்தி இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தான்.

"ஒரு நாள் தப்பி ஏறியிருப்பாளோன்னு பாத்தேன். மறுநாளும் அதே பஸ். கையில டிபன் டப்பா இல்ல. புடவை கட்டறவ சுடிதாருக்கு மாறிட்டா, அதுவும் மூணுதான், மாத்தி மாத்தி. இளைச்சுப்போயிருக்கா. பத்தொன்பது நாளா வீட்ல எல்லாரும் எப்படின்னு கேக்கறேன். எல்லாரும் நல்லா இருக்கோம்கறா. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு உக்காந்திருக்கேன். அவளா சொல்லாம நான் எப்படிப் போய் முன்னாடி நிக்கறது? அவமானப்பட்டுப்போக மாட்டாளா?"

காணாமல் போனவரைத் தேடி வந்த இன்ஸ்பெக்டரம்மா, அவர் நாற்காலிக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள். பத்தொன்பது நாளாக அந்த ஜன்னலில் காவல் இருப்பது யார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நீங்க அவங்களை எப்பவாவது கூப்பிட்டிருக்கீங்களா?"

"நானா? மாட்டேன். வேலையில இருப்பா, வண்டியில இருப்பா. தொந்தரவு."

"இப்பக் கூப்பிடுங்க."

அவர் போனை எடுத்தார். நம்பரை எங்கும் பார்க்கவில்லை. விரல் தானாக அழுத்தியது. மணி போய்க்கொண்டே இருந்து நின்றது.

"தெரியாத நம்பர். எடுக்க மாட்டா" என்று போனை வைக்கப் போனார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

இந்த முறை எடுத்தாள். "யாரு?"

"நான்தாம்மா."

மறுமுனையில் பஸ்ஸின் இரைச்சல் மட்டும்.

"மாமா? என்ன ஆச்சு? யார் நம்பர் இது?"

"எனக்கு ஒண்ணும் ஆகல." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "பொய். விழுந்துட்டேன். பயமா இருந்துது, அதான் கிளம்பி வந்தேன். நீ நிக்கற ஸ்டாப்புக்கு எதிர்ல, வளைவுல ஒரு லாட்ஜ் இருக்கில்ல, அதுல மாடியில இருக்கேன். பத்தொன்பது நாளா இருக்கேன். நீ துறைமுகத்துப் பஸ்ல ஏன்மா ஏறுறே?"

பஸ்ஸுக்குள் யாரிடமோ அவள் கத்துவது கேட்டது. "நிறுத்துங்க. இறங்கணும். ஸ்டாப் இல்லைன்னாலும் பரவாயில்ல, நிறுத்துங்க."

*

அவள் ஆட்டோவில் வந்து இறங்கும்போது மணி ஏழேகால். இன்ஸ்பெக்டரம்மாவும் தந்தியும் லாட்ஜ் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார்கள். ஓடி வந்தவள் முதல் படியில் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மாசமாச்சு மேடம்" என்றாள், யாரும் கேட்காமலே. "என் வீட்டுக்காரர் வேற ஒருத்தியோட போயிட்டார். மாமியார் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல, நாலு பேர் இருக்கற ரூம்ல இருக்கேன். மாமா தேடித் தேடிப் பண்ணி வெச்ச கல்யாணம். எப்படிச் சொல்லுவேன்? அவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு ஒரு வீடு இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"அங்க மூணு ரூம் பூட்டிக் கிடக்கு. ஒன்றரை மணி நேரம் ரயில். தினமும் போய் வர்றவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "அதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க. அவர் கதவைத் திறந்து வெச்சிருக்கார்."

அவள் ஏறிப் போனாள். செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியது, இரண்டாவதில் தயங்கியது, பிறகு நடைவழியில் நீண்டு போய் நின்றது.

இரண்டு பேரும் கீழே காத்திருந்தார்கள்.

பிறகு அழுகை கேட்டது. முதலில் பெரியவருடையது. பழக்கமில்லாத, முரட்டுத்தனமான, அடக்கத் தெரியாத அழுகை. அதன்மேல் அவளுடையது. கட்டடம் முழுக்கக் கேட்டது.

மேனேஜர் ரேடியோவை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். "ஐயோ, பதினொண்ணாம் நம்பரா? என்ன சார் ஆச்சு? போயிட்டாரா பெரியவர்?"

தந்தி மாடியைப் பார்த்தான்.

"இல்லண்ணே" என்றான். "உயிரோடதான் இருக்காங்க. ரெண்டு பேரும்."